தேவதைக் கதை இருண்ட மர்ம நாவலாகும்போது எப்படி வாசிப்பது

முதலில் மூலக் கதையை ஒரு தடவை படித்துவிடுங்கள், சின்ன வயதில் கேட்ட ஞாபகம் போதாது. சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள்: 1697-இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ அச்சிட்ட வடிவத்தில் ஓநாய் அவளைத் தின்றதோடு கதை முடிந்துவிடும், காப்பாற்ற யாருமே வர மாட்டார்கள், ஓநாயின் வயிற்றைக் கிழித்து அவளை மீட்கும் வேட்டைக்காரன் 1812-இல் ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட கதைத் தொகுப்பில் இருக்கிறான். அதே 1812 பதிப்பில் இளவரசி ஸ்னோ வைட்டைக் கொல்லத் துடிப்பவள் பெற்ற தாய், 1819-இல்தான் மாற்றாந்தாய் ஆனாள்.

இதெல்லாம் தெரிந்திருந்தால், நாவலாசிரியர் எதை மாற்றியிருக்கிறார் என்பதே உங்களுக்குத் துப்பாகிவிடும். யாரைக் காணோம், யாருடைய பங்கு யாருக்குப் போயிருக்கிறது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள்.

அப்புறம், மந்திரத்துக்கு என்ன விதி, அதைப் பயன்படுத்துபவர் எதை இழக்கிறார் என்பதைக் கட்டாயம் கவனியுங்கள், ஏனென்றால் நல்ல எழுத்தாளர் கொலைக்கான விடையை அதற்குள்ளேயே ஒளித்து வைத்திருப்பார். விதியை மீறி முடிச்சை அவிழ்த்தால் எனக்குக் கோபமே வந்துவிடும்.

கடைசிப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். பயம் அதிகமானால் மூடி வைத்துவிட்டுப் பகலில் தொடருங்கள். முடித்த கையோடு முதல் அத்தியாயத்தை மறுபடி படியுங்கள், கொலையாளி அங்கேயே நின்றுகொண்டிருப்பார்.