எம்ஜிபி ரோட்ஸ்டர் பார்க்கப் போகிறவர் முதலில் மண்டியிட வேண்டும்

விற்பனைக்கு வந்திருக்கும் எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற பழைய பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பார்க்கப் போகிறீர்களா? பழைய பேன்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு போங்கள். அந்தக் காரின் உண்மை நிலை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் இருக்கிறது. நின்றபடி பார்ப்பவர் கண்ணில் அது படாது.

இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை உருவான கார் இது. கூரை வைத்த ஜிடி வகையையும் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதனால் அவசரமே வேண்டாம். இன்று விட்டால் அடுத்த மாதம் இன்னொன்று விலைக்கு வரும். இதை உணராமல்தான் நான் முதல் காரை வாங்கினேன். சிவப்பு வண்ணம், பளபளக்கும் குரோம் பம்பர், எஞ்சினின் இனிய உறுமல். மயங்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து, வெல்டிங் செய்பவர் கதவுக்கு அடியில் திருப்புளியை வைத்து அழுத்தினார். அது பிடி வரை உள்ளே போனது. வெளியே இழுத்தபோது நுனியில் ஈரத் துரு, வடிகட்டிய காப்பித்தூளைப் போல ஒட்டிக்கொண்டிருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தக் காருக்குத் தனியாக சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, கதவுக்கு அடியில் ஓடும் பெட்டி போன்ற பகுதிதான் முதுகெலும்பு. அதை சில் என்பார்கள். வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவே ஒரு தகடு என்று அமைந்தது. மேலே கூரை இல்லாததால் பாரத்தின் பெரும்பகுதி இதன் மேல்தான். குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்க பிரிட்டன் சாலைகளில் தூவும் உப்பு, சேற்றோடு சேர்ந்து உள்ளே தங்கி அரிக்கிறது. ஒழுங்காக மாற்ற வேண்டுமானால் முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும், பின் மட்கார்டின் அடிப்பகுதியை வெட்ட வேண்டும். அந்தச் செலவுக்கு அஞ்சி, அழுகிய சில்லின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டி, பட்டி பூசி, வண்ணம் அடித்துவிடுகிறார்கள்.

ஆகவே மண்டியிடுங்கள். கைக்குட்டையில் சுற்றிய சிறு காந்தத்தை சில்லின் முழு நீளத்துக்கும் நகர்த்துங்கள். பிடி தளரும் இடத்தில் பட்டி இருக்கிறது. பிறகு விற்பவரின் அனுமதியோடு, சில்லின் நடுவில் ஜாக்கிக்கென்றே உள்ள இடத்தில் ஜாக்கி வைத்து மெல்ல உயர்த்துங்கள். காருக்கு அடியில் மட்டும் நுழைய வேண்டாம். கார் எழுவதற்குப் பதில் ஜாக்கி உள்ளே போனால், வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம். எழுந்தால், கதவோர இடைவெளியைக் கவனியுங்கள். அது மாறினாலோ, திறந்து மூடும்போது கதவு உரசினாலோ முதுகெலும்பு தளர்ந்துவிட்டது. 'அனுமதிக்க மாட்டேன்' என்று விற்பவர் சொன்னால், அதையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

தரைக் கம்பளத்தையும் தூக்கி ஈரம் பாருங்கள். கதவில், சிறு முக்கோணக் கண்ணாடிக்குக் கீழே விரிசல் இருக்கலாம். அது இந்தக் காரின் பரம்பரை நோய். அதற்காக மட்டும் மறுக்க வேண்டாம்.

எஞ்சினைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். 1798 சிசி எஞ்சின் உழைப்பாளி; உதிரிப் பாகம் தாராளமாகக் கிடைக்கிறது. 'நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்' என்று விற்பவரிடம் சொல்லிவைத்து, போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள்; அது சூடாக இருக்கக் கூடாது. எஞ்சின் சூடேறிய பின், ஓடும்போது எண்ணெய் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டுக்குக் குறையக் கூடாது. எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியரான ஓவர்டிரைவ் இருந்தால், நான்காம் கியரில் அதைப் போட்டதும் எஞ்சின் சுழற்சி சட்டென்று தணிய வேண்டும். கம்பிச் சக்கரம் என்றால் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பானரால் தட்டுங்கள். நல்ல கம்பி கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும்.

நாற்பது வயது கடந்த கார்களுக்குப் பெரும்பாலும் ஆண்டுச் சோதனையிலிருந்து பிரிட்டனில் விலக்கு உண்டு. அதனால் 'சோதனை தேவையில்லை' என்பது நல்ல நிலையில் இருப்பதற்கான சான்று ஆகாது. கார் எண்ணைக் கொடுத்தால் பழைய சோதனை முடிவுகளை அரசின் இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். துரு பற்றிய குறிப்பு ஆண்டுதோறும் வந்து, திடீரென்று மறைந்திருந்தால், வெல்டிங் ரசீதைக் கேளுங்கள்.

இப்போது என்னிடம் இருப்பது 1971ஆம் ஆண்டுக் கார். நான் மண்டியிட்டுப் பார்த்த நான்காவது கார். வண்ணம் மங்கல், இருக்கையில் கிழிசல். ஆனால் விற்றவர் சில் மாற்றியபோது எடுத்த புகைப்படங்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். ஜாக்கியில் ஏற்றிவிட்டுக் கதவை விரல் நுனியால் தள்ளினேன். எங்கும் உரசாமல், 'டக்' என்று மூடியது.