அம்பரா, பிளாஸ்டிக்கா? வீட்டிலயே பார்க்கிற முறை

சித்தி ஒரு பயணத்தால வரேக்க தேன் கலரில ஒரு அம்பர் மாலை கொண்டு வந்தவ, நாலு கோடி வருசப் பழசாம், பார்த்துச் சொல்லு எண்டு என்ர கையில தந்திட்டா. நான் சயன்ஸ் படிச்சதால எல்லாம் தெரியும் எண்டு அவவுக்கு ஒரு நினைப்பு. தெரியாது, அப்பதான் தேடிப் படிச்சன். வெள்ளவத்தை பிளட்டில இருந்துகொண்டே செய்யக்கூடிய வேலைதான், உங்களுக்கும் எழுதி வைக்கிறன்.

ஒண்டை முதலே சொல்லிடுறன். நாட்டு மருந்துக் கடையில அம்பர் எண்டு கேட்டால் திமிங்கிலத்தில இருந்து வாற வாசனைச் சாமானைத்தான் நினைப்பினம், அது வேற. இது மரப்பிசின், மண்ணுக்குள்ள கோடிக்கணக்கான வருசம் கிடந்து இறுகினது.

முதல் வேலை, கொஞ்சம் குங்கிலியம் வாங்குங்கோ. புறக்கோட்டை கெபோஸ் லேன் பக்கம் மருந்துச் சரக்குக் கடைகளில கிடைக்கும், சிங்களத்தில தும்மல எண்டு கேளுங்கோ. கூடவே கருவேலம் பிசினும் ஒரு துண்டு. ரெண்டையும் தண்ணியில போட்டு வையுங்கோ, கருவேலம் பிசின் ஊறிக் கரையும், குங்கிலியம் அப்பிடியே கிடக்கும். அம்பர் இந்த ரெண்டாவது சாதி. பச்சைப் பிசினில இருக்கிற வாசனை எண்ணெய் எல்லாம் மெல்ல மெல்லப் பறந்து, மிச்ச மூலக்கூறுகள் ஒண்டோட ஒண்டு கைகோர்த்துப் பெரிய வலையா மாறினால்தான் அம்பர், பாதி வழியில நிக்கிறதுக்குப் பெயர் கோப்பல். குஜராத் லிக்னைட் சுரங்கங்களில கிடைக்கிற கம்பே அம்பர் 5 கோடி வருசப் பழசு, அது எங்கட குங்கிலிய மரக் குடும்பத்தின்ர பிசின்தான் எண்டு 2010ல ஆராய்ச்சிக்காரர் எழுதியிருக்கினம். அதால உங்கட கையில இருக்கிற தும்மலத் துண்டைச் சும்மா நினைக்காதேங்கோ.

இனி லென்ஸ். மாணிக்கக்கல் பார்க்கிறவையள் வைச்சிருக்கிற 10 மடங்கு லூப் காணும். குமிழ், ஓடின கோடு, தூசி தேடுங்கோ. உள்ளுக்கு வட்ட வட்டமா மினுங்கிற வெடிப்பு இருந்தால் பெரும்பாலும் சூடாக்கினது எண்டு அர்த்தம், போலி எண்டு இல்லை. பூச்சி இருந்தால்தான் கவனம் வேணும், பெரிய பூச்சி நடுவில காலை விரிச்சுக்கொண்டு வடிவா போஸ் குடுத்தால் சந்தேகப்படுங்கோ. இதில பெரிய ஆக்களே ஏமாந்திருக்கினம். லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்தில பால்டிக் அம்பருக்குள்ள (வட ஐரோப்பாவின்ர பால்டிக் கடல் பக்கத்து அம்பர்) ஒரு ஈ இருந்தது, 1966ல வில்லி ஹென்னிக் எண்ட பெரிய விஞ்ஞானியே அதைப் பார்த்து, இப்ப கக்கூஸில பறக்கிற அதே இனம் அப்பவே இருந்திருக்கு எண்டு எழுதிட்டார். 1993ல ஆண்ட்ரூ ரோஸ் எண்ட ஆராய்ச்சியாளர் மைக்ரோஸ்கோப்பில பார்த்தால், ஆரோ அம்பரை ரெண்டாப் பிளந்து, குடைஞ்சு, ஈயை வைச்சு ஒட்டியிருக்கினம்!

அடுத்தது உப்புத்தண்ணி. இதிலதான் கனபேர் பிழை விடுறது. கால் லீட்டர் தண்ணிக்கு 55 கிராம் உப்புத்தூள், தராசில நிறுத்துப் போடுங்கோ, கரண்டிக் கணக்கு வேண்டாம். அப்ப தண்ணியின்ர அடர்த்தி 1.13 கிட்ட வரும். அம்பர் 1.05 முதல் 1.10 வரை, மிதக்கும். பிளாஸ்டிக்கில அக்ரிலிக் 1.18, பேக்லைட் 1.25க்கு மேல, கண்ணாடி 2.5, எல்லாம் தாழும். கரையிற மட்டும் உப்பைக் கொட்டச் சொல்லுவினம், அப்பிடிச் செய்தால் 1.2க்குப் போயிடும், அக்ரிலிக்கும் மிதந்து உங்களைப் பார்த்துச் சிரிக்கும். கொளுக்கி, வெள்ளிக் கம்பி கழட்டாமல் போட்டால் பாரத்தில தாழும், மணியில ஒட்டின காற்றுக்குமிழைத் தட்டி விடாட்டி தாழ வேண்டியதும் மிதக்கும். பிறகு நல்ல தண்ணியில கழுவுங்கோ. கோப்பலும் பொலிஸ்டைரின் எண்ட பிளாஸ்டிக்கும் இதில பாஸ் பண்ணும், அதால இங்க நிப்பாட்டக்கூடாது.

யூவி டோர்ச், 365 நானோமீட்டர் எண்டு போட்டது நல்லம், 395 எண்டால் ஊதா வெளிச்சமே கண்ணை மறைக்கும். லைட்டை நிப்பாட்டிட்டு அடியுங்கோ, பால்டிக் அம்பர் வெளிர் நீலமா ஒளிரும். சில பிளாஸ்டிக்கும் ஒளிரும், எண்டாலும் மணிக்கு மணி வித்தியாசம் தெரிஞ்சால் கலந்து கோர்த்திருக்கினம் எண்டு பிடிக்கலாம்.

கம்பளித் துணியில தேய்ச்சுக் கடதாசித் துண்டை இழுக்கப் பண்ணுற விளையாட்டு வேண்டாம். மின்சாரத்துக்கு எலக்ட்ரிசிட்டி எண்ட பேரே கிரேக்கர் அம்பருக்குச் சொன்ன எலக்ட்ரோன்ல இருந்து வந்ததுதான், ஆனால் பிளாஸ்டிக்கும் இழுக்கும், கொழும்புப் புழுக்கத்தில ரெண்டுமே இழுக்காமலும் விடும். சூடான ஊசி குத்துறதும் வேண்டாம், ஓட்டை விழும்.

கடைசியா அசிட்டோன். நெயில் பொலிஷ் ரிமூவர் வாங்கேக்க அசிட்டோன் இருக்கோ எண்டு லேபிளைப் பாருங்கோ, இப்ப இல்லாததும் விக்கிறாங்கள். ஜன்னலைத் திறந்து வைச்சுக்கொண்டு முதல்ல குங்கிலியத்தில ஒரு சொட்டு விட்டு விரலால தொடுங்கோ, பிசுபிசுக்கும், அந்த உணர்வை ஞாபகம் வையுங்கோ. பிறகு மாலையில ஓட்டைக்குப் பக்கத்தில, வெளியால தெரியாத இடத்தில ஒரு சொட்டு. அரை நிமிசத்தில ஒண்டும் ஆகாட்டி நல்லம், ஒட்டினால் கோப்பல், இல்லாட்டி கரையிற பிளாஸ்டிக். சித்தியின்ர மணி மிதந்தது, லேசா ஒளிர்ந்தது, இங்க வந்து ஒட்டிட்டுது. "அப்ப நாலு கோடி இல்லையோ" எண்டா, "இல்லை சித்தி, ஆனால் மரப்பிசின்தான் போல" எண்டன், அவ சிரிக்கேல்ல.

இதுக்கு மேல எண்டால் லெப்தான். அகச்சிவப்புக் கதிர் விட்டு எந்த அலை உறிஞ்சப்படுது எண்டு கோடு கீறி எடுப்பினம், பால்டிக் அம்பருக்கு அந்தக் கோட்டில 1250க்கும் 1175க்கும் (அலையெண், செ.மீ⁻¹ கணக்கில) இடையில தோள் மாதிரி ஒரு சமதளம் வரும், 1960களில கர்ட் பெக் எண்ட வேதியியல்காரர் கண்டுபிடிச்சது. சில மில்லிகிராம் தூள் காணும். வயசு தெரிய வேணுமெண்டால் அம்பரைச் சுரண்டிப் பிரயோசனமில்லை, கார்பன் முறை 50,000 வருசத்தோட முடிஞ்சிடும். அது கிடந்த மண்ணைத்தான் பார்க்க வேணும், மியன்மார் அம்பருக்கு 9.9 கோடி எண்டு 2012ல சொன்னதும் கூடக் கிடந்த பாறையில இருந்த சிர்கோன் எண்ட கனிம மணியை வைச்சுத்தான். மாலையாக் கோர்த்து வந்ததுக்கு ஏது மண்.