ஊரில் கார் எடுக்கிறீர்களா? கடனட்டைக் காப்புறுதியை நம்ப முதல் இதைப் பாருங்கள்

கனடாவிலிருந்து இலங்கையில் உள்ள ஊருக்குப் போகிற பலர், "என்ரை கார்டிலை வாடகைக் காருக்கு இன்சூரன்ஸ் கிடக்கு" என்ற நம்பிக்கையோடு விமானம் ஏறுகிறார்கள். காப்புறுதி இருப்பது உண்மைதான். ஆனால் நாங்கள் ஊரில் வாகனம் பிடிக்கிற முறைக்கு அது பெரும்பாலும் ஒத்துவராது.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, சாரதியோடு வான் பிடித்து யாழ்ப்பாணம் போவதுதான் எங்கள் வழக்கம். அதற்கு இந்தக் காப்புறுதி கிடையாது, ஓட்டுவது நீங்கள் இல்லையே. மச்சானின் கூட்டாளி "ஒரு மாசம் வைச்சு ஓடுங்கோ அண்ணை" என்று திறப்பைத் தருகிற காருக்கும் கிடையாது. வாடகைக்கு விடுவதையே தொழிலாகச் செய்யும் நிறுவனம் ஒன்று, அட்டைக்காரரின் பெயரில் எழுதிய ஒப்பந்தம் இரண்டும் வேண்டும். தம்பியும் ஓட்டப்போகிறான் என்றால் அவன் பெயரும் அதில் இருக்க வேண்டும். ஓட்டோ, மோட்டார் சைக்கிள், எட்டுப் பேருக்கு மேல் ஏற்றுகிற வான் எல்லாம் பெரும்பாலான அட்டைகளில் விலக்கு.

கிடைப்பது வாடகைக் காரின் சேதத்துக்கும் திருட்டுக்கும் மட்டும். நீங்கள் இடித்த சைக்கிள்காரருக்கோ அடுத்த வீட்டு மதிலுக்கோ அட்டை ஒரு சதமும் தராது. அதனால் காருக்கு முழுக் காப்புறுதி உண்டா, மூன்றாம் தரப்புச் சேதத்துக்கு எவ்வளவு வரை கொடுப்பார்கள் என்று நிறுவனத்திடம் கேளுங்கள். உங்கள் வைத்தியச் செலவுக்குப் பயணக் காப்புறுதியைத் தனியாக எடுக்க வேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் காசில்தான் தொடங்குகிறது. முழு வாடகையும் அந்த அட்டையிலேயே போக வேண்டும். "காசாத் தந்தால் குறைச்சுத் தாறம்" என்பார்கள். குறைகிற சில ஆயிரம் ரூபாய்க்கு ஆசைப்பட்டால் காப்புறுதி போய்விடும். அடுத்தது, நிறுவனம் விற்கிற சேதக் காப்பு, அதாவது சி.டி.டபிள்யூ. கனடிய அட்டைகள் பலவற்றில் அதை நீங்கள் மறுத்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் மறுப்பதற்குக் கட்டம் இல்லையென்றால், வேண்டாம் என்று உங்கள் கையாலேயே ஆங்கிலத்தில் எழுதி ஒப்பமிடுங்கள். இலங்கையில் வாடகையோடு காப்புறுதியும் சேர்ந்தே வருவதுண்டு, விபத்தென்றால் முதல் ஒரு தொகை மட்டும் உங்கள் தலையில் விழும். அந்தத் தொகையை உங்கள் அட்டை தருமா என்று புறப்பட முதலே அழைத்துக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்திருங்கள்.

நாட்கணக்கிலும் கவனம் வேண்டும். கனடிய அட்டைகள் பலவற்றில் எல்லை 48 நாள், சிலவற்றில் 31. ஆறு கிழமை என்றால் 42 நாள். 48 நாள் அட்டைக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் பள்ளிக்கூட விடுமுறை இரண்டு மாதமும் ஒரே கார் என்றால், எல்லை தாண்டிய நாட்களுக்கு மட்டுமல்ல, முதல் நாளிலிருந்தே காப்பு இல்லை என்று பல அட்டைகள் சொல்கின்றன. அதே காரைப் புது ஒப்பந்தத்தில் திரும்ப எடுத்தாலும் தப்ப முடியாது.

ஒன்ராறியோ சாரதி அனுமதிப்பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இலங்கையில் ஓட்ட முடியாது. கனடிய வாகனச் சங்கமான சி.ஏ.ஏ.யில் சர்வதேச அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொண்டு போய், கொழும்பில் இலங்கை வாகனச் சங்கத்தின் அங்கீகாரம் பெறலாம். 2025 ஆகஸ்டிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே தற்காலிக அனுமதிப்பத்திரமும் கொடுக்கிறார்கள். இந்த இரண்டில் ஒன்றும் இல்லாமல் ஓட்டி இடித்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் காப்புறுதி கை விரித்துவிடும்.

காரைப் பொறுப்பெடுக்கும்போதே நாலு பக்கமும் ரயரும் வீடியோ எடுங்கள். இடித்துவிட்டால் காரை அசைக்க முதல் படம் எடுத்து, பொலிசின் 119 இலக்கத்துக்கும் நிறுவனத்துக்கும் அழையுங்கள். அவர்களின் காப்புறுதிக்காரர் இடத்துக்கே வந்து பார்ப்பது அங்கே வழக்கம். நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு ஒழுங்கைக்குள் மதிலோடு உரசினபோது, "பொலிசுக்குப் போனால் நாள் போகும், பேசித் தீர்ப்பம்" என்ற பேச்சுக்குத் தலையாட்டினேன். கராஜில் ஒரு துண்டில் தொகையை எழுதித் தந்தார்கள், கட்டினேன். கனடா வந்து அந்தத் துண்டை அட்டையின் காப்புறுதிக்காரருக்கு அனுப்பினேன். ஒரு டொலரும் வரவில்லை.

அட்டையின் காப்புறுதிக்காரர் கேட்பது இவை: வாடகை ஒப்பந்தம், அட்டைக் கணக்குப் பட்டியல், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, திருத்த மதிப்பீடு, கடைசி பில், படங்கள், அனுமதிப்பத்திரம். கார் கராஜில் நின்ற நாட்களுக்கும் நிறுவனம் வாடகை கேட்டால், அந்த நாட்களில் கார் வாடகைக்குப் போயிருக்கும் என்று காட்டும் பதிவையும் அவர்களின் கடிதத்தாளில் வாங்குங்கள். சிறிய நிறுவனங்களிடம் அப்படி ஒரு பதிவே இராது, அதை முதலே கேட்டு வைப்பது நல்லது. விபத்தை 48 மணித்தியாலத்துக்குள் அறிவிக்கச் சொல்லும் அட்டைகள் உண்டு. கோடையில் ரொறன்ரோ ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது, ஆனால் அட்டையின் பின்பக்க இலக்கத்தில் இரவிலும் அழைப்பை எடுக்க ஆள் இருப்பார்கள். முறைப்பாடு தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப் பிரதியை ஊரிலேயே எடுத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள். ரொறன்ரோவிலிருந்து அதே வேலையைச் செய்விப்பதற்குள் ஆவணங்களை அனுப்பும் காலக்கெடு முடிந்துவிடலாம்.