கடலூர், புதுச்சேரிச் சாலைகளுக்கு ஸ்போர்ட்ஸ் செடான்: பின்சக்கர இயக்கமா, நான்கு சக்கர இயக்கமா?

ஸ்போர்ட்ஸ் செடான் வாங்க முடிவு செய்தவர் முதலில் செய்ய வேண்டியது, தாம் பார்த்துவைத்திருக்கும் காரில் எஞ்சினின் சக்தி எந்தச் சக்கரங்களுக்குப் போகிறது என்பதை விவரப் பட்டியலில் தேடிப் பார்த்து உறுதி செய்துகொள்வதுதான். சொல்லவே தேவையில்லாத விஷயமாக இது தோன்றலாம். ஆனால் முகப்பில் ஜெர்மன் சின்னம் இருந்தாலே பின்சக்கர இயக்கம்தான் என்று நம்பி முன்பணம் கட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1980-ல் ஜெனீவா கண்காட்சியில் குவாட்ரோ என்ற நான்கு சக்கர இயக்கக் காரை அறிமுகப்படுத்தி, நான்கு சக்கர இயக்கம் என்றாலே நினைவுக்கு வரும் பெயராகிவிட்ட ஆடி நிறுவனம், அண்மை ஆண்டுகளில் இந்தியாவில் விற்ற ஏ4 முன்சக்கர இயக்கம் கொண்டது. பி.எம்.டபிள்யூவின் 2 சீரிஸ் கிரான் கூப்பேயும், ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்ஸும் அப்படியே. அவை மோசமான கார்கள் அல்ல. ஆயினும் முன்சக்கரங்களே திரும்பவும் வேண்டும், காரை இழுக்கவும் வேண்டும் என்றால், எழுதுகிற கையிலேயே பையையும் தூக்கச் சொல்வதுபோல, வளைவில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஸ்டீயரிங்கின் துல்லியம் குறையும். இந்தக் கட்டுரை அந்த வகையைப் பற்றியதன்று.

அடுத்து, நம் நாட்டுச் சந்தையின் ஒரு விசித்திரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரே எஞ்சின் கொண்ட ஒரே காரை, பின்சக்கர இயக்கத்திலோ நான்கு சக்கர இயக்கத்திலோ வேண்டியபடி கேட்டு வாங்கலாம். எனவே அங்கே எழுதப்படும் ஒப்பீடுகள் பனிக்காலத்தையும் சில ஆயிரம் டாலர் விலை வேறுபாட்டையும் மட்டுமே எடைபோடுகின்றன. இங்கே அந்தத் தெரிவு பெரும்பாலும் கிடையாது. பி.எம்.டபிள்யூ 3 சீரிஸில் 258 குதிரைத்திறன் கொண்ட 330எல்ஐ பின்சக்கர இயக்கத்தோடு வருகிறது. நான்கு சக்கர இயக்கம் வேண்டுமென்றால் 374 குதிரைத்திறன் கொண்ட ஆறு சிலிண்டர் எம்340ஐ எக்ஸ்டிரைவுக்குத்தான் போக வேண்டும். மெர்சிடிஸ் சி-கிளாஸிலும் அதே நிலைதான்: சாதாரண வகைகள் பின்சக்கரத்தில் ஓடுகின்றன, 400 குதிரைத்திறனைத் தாண்டும் ஏ.எம்.ஜி. சி43 மட்டும் நான்கு சக்கரத்தில் ஓடுகிறது. ஆகவே, 'எந்த இயக்கம்' என்று நாம் கேட்கும் கேள்விக்குள் 'எவ்வளவு சக்தி', 'எவ்வளவு பணம்' என்ற இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. விற்பனையாளர் இவற்றைப் பிரித்துச் சொல்ல மாட்டார். நாம்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சக்தியிலிருந்தே தொடங்கலாம். டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள பிடிக்கு ஓர் எல்லை உண்டு. முடுக்கும்போது காரின் எடை பின்னோக்கிச் சாய்வதால் பின்டயர்கள் நன்றாக அழுந்துகின்றன. எனவே காய்ந்த தார்ச்சாலையில் 250 குதிரைத்திறனைப் பின்சக்கரங்கள் மட்டுமே சிரமமின்றித் தாங்கிவிடும். ஈரத்தில் பிடி குறையும்போதும், இந்த அளவுச் சக்தியை, வழுக்கும் சக்கரத்துக்குப் போகும் சக்தியைத் தானே குறைக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு எளிதாகச் சமாளிக்கும். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஓரிரு முறை சிமிட்டும், அவ்வளவுதான். 350-ஐத் தாண்டினால் கதை வேறு. எம்340ஐ நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை 4.4 வினாடிகளில் எட்டுகிறது என்பதற்கு எஞ்சின் பாதிக் காரணம் என்றால், அந்த 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை முன்டயர்களும் பகிர்ந்துகொள்வது மீதிக் காரணம். என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன்: 260 குதிரைத்திறன் வரை பின்சக்கர இயக்கம் போதும், 350-க்கு மேல், வடகிழக்குப் பருவமழையிலும் காரை வெளியே எடுப்பவருக்கு, நான்கு சக்கர இயக்கம் வீண் செலவு அல்ல.

நம் பகுதிச் சாலைகளை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர் வழியாக நாகப்பட்டினம் போகும் நான்கு வழிச் சாலையும், மரக்காணம் உப்பளங்களை ஒட்டிப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் பெரும்பாலும் சமதளம். பனி இல்லை, ஏற்றம் இல்லை. ஆனால் பிடியைப் பறிக்கும் வேறு பொருள்கள் நம்மிடம் நிறைய உண்டு. பாகூர்ப் பக்கம் அறுவடைக் காலத்தில் சாலையில் பாதியகலம் வரை நெல் காய்ந்துகொண்டிருக்கும். அதன் மேல் ஒரு பக்கச் சக்கரங்கள் ஏறியபடி ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், அந்தப் பக்கத்துப் பின்டயர் வழுக்கிச் சுழலும். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்கள் உதிர்த்த சோகை (காய்ந்த கரும்பு இலை), மழையில் நனைந்து சாலையோடு ஒட்டிக் கிடக்கும். கோடை முழுவதும் எண்ணெயும் தூசியும் படிந்த சாலையில் விழும் முதல் தூறலின் அரை மணி நேரம், கொட்டும் மழையைவிட மோசமானது. இந்த மூன்று நிலைகளிலும், சிக்னலிலிருந்து புறப்படும்போதும் பக்கச் சாலையிலிருந்து நெடுஞ்சாலைக்குள் ஏறும்போதும், நான்கு சக்கர இயக்கம் உண்மையிலேயே உதவும்.

உதவாத இடங்களையும் அதே அளவு தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஷோரூமில் அதை யாரும் சொல்வதில்லை. எல்லாக் கார்களும் நான்கு சக்கரங்களாலும்தான் பிரேக் பிடிக்கின்றன. ஆகவே நின்றுவிடும் தூரத்தை நான்கு சக்கர இயக்கம் ஓரடிகூடக் குறைக்காது, கூடுதல் எடையால் சிறிது கூட்டவே செய்யும். வளைவுக்குள் எந்த வேகத்தில் நுழையலாம் என்பதையும் அது தீர்மானிப்பதில்லை; அதைத் தீர்மானிப்பவை டயர்கள். இதில் உள்ள ஆபத்து நுட்பமானது. ஈரச் சாலையில் கார் சறுக்காமல் சீறிப் புறப்படுவதால், சாலையில் பிடி நிறைய இருக்கிறது என்ற பொய்யான நம்பிக்கை ஓட்டுநருக்கு வந்துவிடும். அதே சாலையில் திடீரென்று மாடு குறுக்கே வந்து பிரேக்கை மிதிக்கும்போதுதான் உண்மை தெரியும். பின்சக்கர இயக்கக் கார், பின்பக்கம் லேசாக நெளிந்து, முன்கூட்டியே எச்சரிக்கை தந்துவிடுகிறது.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது, ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டி, கிருஷ்ணா நகரில் ராணுவம் வந்து மக்களை மீட்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு, 'நான்கு சக்கர இயக்கம் இருந்தால் தண்ணீரில் போய்விடலாமே' என்ற பேச்சை அடிக்கடி கேட்க முடிகிறது. செடானுக்கு அது பொருந்தாது. தரையிலிருந்து காரின் அடிப்பாகம் எவ்வளவு உயரம், எஞ்சின் காற்றை உறிஞ்சும் வாய் எங்கே இருக்கிறது என்பவைதான் அங்கே கணக்கு. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்போது எத்தனை சக்கரங்கள் இயங்கின என்று யாரும் கேட்கப் போவதில்லை. தாழ்வான பகுதியில் வீடு இருந்தால், நான்கு சக்கர இயக்கத்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பகுதியை, எஞ்சின் சேதத்துக்கான கூடுதல் காப்பீட்டுக்கு ஒதுக்குவது பயனுள்ளது.

ஓட்டும் இன்பம் என்று வரும்போது என் சாய்வு பின்சக்கரத்தின் பக்கம்தான். முன்டயர்களுக்குத் திரும்புவது மட்டுமே வேலை என்பதால் ஸ்டீயரிங் சுத்தமாக இருக்கும். வளைவின் நடுவில் வலது பாதத்தால் காரின் போக்கைச் சிறிது மாற்ற முடியும். ஆனால் இதை அனுபவிக்க வளைவுகள் வேண்டும். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு நேர்க்கோட்டில் போய்வரும்போது, இரண்டு இயக்கங்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர் மிகச் சிலரே. ஏற்காட்டுக்கோ, 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைக்கோ ஆண்டில் சில முறையேனும் போகிறவர், அல்லது இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் காரை ஓட்டிப் பார்க்க விரும்புகிறவர் இதற்கு மதிப்பெண் போடலாம். மற்றவர்கள் போடத் தேவையில்லை. நான்கு சக்கர இயக்கங்களும் ஒரே மாதிரி அல்ல என்பதையும் மறந்துவிடக் கூடாது. பி.எம்.டபிள்யூவின் எக்ஸ்டிரைவ் பல்தகட்டு கிளட்ச் (தகடுகளை அழுத்தியும் தளர்த்தியும் சக்தியின் அளவை மாற்றும் இணைப்பு) மூலம் தேவைக்கேற்ப முன்பக்கம் சக்தியை அனுப்புவதால், பெரும்பாலான நேரம் பின்சக்கரக் கார் போலவே உணர்வு தரும். சி43-ல் முன்பக்கம் 31 சதவீதம், பின்பக்கம் 69 சதவீதம் என்று நிரந்தரமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முன்சக்கர இயக்க அமைப்பை அடிப்படையாகக் கொண்டு, சறுக்கும்போது மட்டும் பின்சக்கரங்களைச் சேர்த்துக்கொள்ளும் வகையைத் தான் நான் கடைசியாக வைப்பேன்.

வீட்டில் வேறு யார் ஓட்டுவார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். சம்பள ஓட்டுநரோ, புதிதாக உரிமம் வாங்கிய மகனோ மகளோ மழை நாளில் சாவியை எடுப்பார்கள் என்றால், என் சாய்வை நானே ஒதுக்கிவைத்துவிட்டு நான்கு சக்கர இயக்கத்தைச் சொல்வேன், அல்லது குறைந்த சக்தியுள்ள எஞ்சினைச் சொல்வேன்.

செலவுக் கணக்கில் பலரும் மைலேஜையே பேசுகிறார்கள். முன்சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் கூடுதல் தண்டு, அதை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரிக்கும் டிஃபரென்ஷியல், சக்தியை முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் பகிரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகியவற்றின் எடை ஏறக்குறைய ஓர் ஆள் காரில் கூடுதலாக உட்கார்ந்ததற்குச் சமம்; அதனால் லிட்டருக்குக் குறையும் தூரம் இந்த விலையில் கார் வாங்குபவரைப் பாதிக்காது. பாதிப்பவை இரண்டு. ஒன்று வரி: தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம் என்பதால், கடலூர்க்காரர் விலையில் கூடும் ஒவ்வொரு 10 லட்சத்துக்கும் 2 லட்சம் வரியைச் சேர்த்தே எண்ண வேண்டும். (உறவினர் முகவரியைக் காட்டிப் புதுச்சேரியில் பதிவு செய்துவிட்டு, கடலூரிலேயே ஓட்டும் பழைய உபாயத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.) மற்றொன்று டயர். நான்கு சக்கர இயக்கத்தில் முன், பின் டயர்களின் தேய்மானம் மிகவும் வேறுபட்டால், அவை வெவ்வேறு வேகத்தில் சுற்றி, டிரான்ஸ்ஃபர் கேஸை ஓயாமல் உழைக்க வைத்துக் கெடுத்துவிடும். ஆகவே ஒரு டயர் பள்ளத்தில் மோதி வெடித்தால், மற்ற மூன்றும் பாதி தேய்ந்திருக்கும் நிலையில், அந்த ஒன்றை மட்டும் புதிதாக மாற்ற முடியாமல் போகலாம். பின்சக்கர இயக்கத்தில் ஒரே அச்சில் இரண்டை மாற்றினால் போதும். பழுதாகி நின்றாலும், நான்கு சக்கர இயக்கக் காரை இரண்டு சக்கரங்களைத் தூக்கி இழுத்துப் போகக் கூடாது. நான்கும் தரையில் படாதபடி ஃபிளாட்பெட் வண்டியில்தான் ஏற்ற வேண்டும் என்பதை அவசர உதவிக்கு அழைக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

மின்சாரக் கார்களில் கணக்கு எளிது. தண்டுக்குப் பதிலாக முன்பக்கம் இன்னொரு மோட்டார் வருகிறது. பி.ஒய்.டி. நிறுவனத்தின் சீல் காரில், ஒருமுறை சார்ஜ் செய்தால் ஓடும் தூரம், ஒரே அளவு பேட்டரியோடு பின்சக்கர இயக்கப் பிரீமியம் வகைக்கு 650 கி.மீ. என்றும், நான்கு சக்கர இயக்கப் பெர்ஃபார்மன்ஸ் வகைக்கு 580 கி.மீ. என்றும் நிறுவனம் சொல்கிறது. நிஜச் சாலையில் இரண்டுமே குறையும் என்றாலும், புதுச்சேரியிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்ப ஏறக்குறைய 300 கி.மீ.தான் ஆகும் என்பதால் எதுவும் கெட்டுவிடாது. பெர்ஃபார்மன்ஸ் வகை தரும் 3.8 வினாடிகளில் 100 கி.மீ. வேகம் என்ற எண் உங்களுக்குத் தேவையா என்பதே கேள்வி.

டெஸ்ட் டிரைவை முடிந்தால் மழை நாளில் கேளுங்கள். விற்பனையாளர் தயங்குவார், விட்டுக்கொடுக்க வேண்டாம். கடற்கரைச் சாலையில் மெதுவாக ஒரு சுற்று வருவதால் எதுவும் தெரியாது. போக்குவரத்து இல்லாத நேரத்தில், சர்வீஸ் சாலையிலிருந்து நெடுஞ்சாலைக்குள் ஏறும் இடத்தில், ஸ்டீயரிங் சற்றுத் திரும்பியிருக்கும் நிலையில் மிதமாக முடுக்கிப் பாருங்கள்: மஞ்சள் விளக்கு எவ்வளவு நேரம் சிமிட்டுகிறது, சக்தி துண்டிக்கப்படும்போது கார் திடுக்கிடுகிறதா, மெல்ல அடங்குகிறதா என்று கவனியுங்கள். பின்னிருக்கையில் வீட்டார் ஒருவரை உட்கார வைத்து, வேகத்தடைகளில் அடிப்பாகம் உரசுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பழைய கார் என்றால் வேலை இன்னும் கூடும். நான்கு சக்கர இயக்கக் காரைக் காலியான இடத்துக்குக் கொண்டுபோய், ஸ்டீயரிங்கை முழுவதுமாக ஒடித்து, நடக்கும் வேகத்தில் வட்டமடிக்க வேண்டும். டயர் எதிலோ சிக்கி விடுபடுவதுபோல விட்டுவிட்டுத் துள்ளினாலோ, தரைக்கடியில் 'கடக்' என்ற ஒலி வந்தாலோ, டிரான்ஸ்ஃபர் கேஸையோ முன்பக்கத் தண்டையோ சந்தேகிக்கலாம். பிறகு குனிந்து, நான்கு டயர்களிலும் ஒரே நிறுவனம், ஒரே மாதிரிதானா என்று பார்த்து, தேய்மான அளவியை ஒவ்வொரு டயரின் உள் ஓரத்திலும் வெளி ஓரத்திலும் நடுவிலும் செருகிப் பாருங்கள். எந்த இயக்கமானாலும், பள்ளங்களுக்குள் இருக்கும் 1.6 மில்லிமீட்டர் அடையாளக் கட்டையை நெருங்கும் அளவுக்குத் தேய்ந்த டயரோடு மழைக்காலத்தை எதிர்கொள்ள முடியாது. பள்ளத்தின் ஆழம் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனதுமே நீரை ஒதுக்கும் திறன் வேகமாகக் குறையத் தொடங்கும். டிரான்ஸ்ஃபர் கேஸ் எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்று சர்வீஸ் பதிவேட்டில் தேடுங்கள். 'அது வாழ்நாள் எண்ணெய், மாற்ற வேண்டியதே இல்லை' என்று பதில் வந்தால், அதை மாற்றும் செலவையும் ஒரு செட் டயரின் விலையையும் கேட்ட தொகையிலிருந்து கழித்துக்கொண்டு பேரத்தைத் தொடங்குங்கள்.