‘வெயில் தாங்கல சார்’ என்று சொன்னால் மினிட் புத்தகத்தில் ஏறாது

2024 டிசம்பர் தொடக்கத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஏரி நிரம்பி வந்த வெள்ளம், ரோட்டோரம் நின்ற வேன்களையும் கார்களையும் உருட்டிக்கொண்டு போன வீடியோவை நம் பக்கம் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. அதே வருடம் கோடையில் மாமரத்தைக் காப்பாற்ற டேங்கர் தண்ணீர் வாங்கி ஊற்றியதும் நாம்தான். அதனால் காலநிலை மாற்றம் என்றால் என்ன என்று தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அதற்கு அரசு திட்டம் போடும்போது எங்கே போவது, எப்போது போவது, போய் என்ன பேசுவது என்பதில்தான் கோட்டை விடுகிறோம். நானும் விட்டிருக்கிறேன், அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், ‘இதெல்லாம் டெல்லியிலும் சென்னையிலும் முடிவாகிற விஷயம்’ என்று ஒதுங்குவது. தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் 2022 டிசம்பரில் தொடங்கியபோதே மாவட்டத்துக்கு ஒரு காலநிலை மாற்ற இயக்கம் என்று ஏற்பாடு வந்துவிட்டது. அதற்கு இயக்குநர் ஆட்சியர், காலநிலை அலுவலர் மாவட்ட வன அலுவலர். அதாவது நம் மாவட்டத்தில் இந்த விஷயத்துக்கு மேசையும் இருக்கிறது, நாற்காலியில் ஆளும் இருக்கிறார். ஆனால் திங்கட்கிழமை மனு நாளில் பட்டாவுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் நிற்கிற வரிசையில் ஏரிக்காக நிற்பவர்களைப் பார்ப்பது அபூர்வம். மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் யாராவது எழுந்து பேசுவார்கள், பெரும்பாலும் பயிர்க் காப்பீடு வரவில்லை என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அடுத்தது கிராம சபை. இங்கே நான் செய்த தவறைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் ஊர் பாலக்கோடு பக்கம். பள்ளிக்கூட வராண்டாவில் கூட்டம், நான் எழுந்து பாரிஸ் ஒப்பந்தம், கார்பன் உமிழ்வு, 2070-க்குள் நிகர பூஜ்ஜியம் என்று பத்து நிமிடம் பேசினேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் மட்டும், “அதெல்லாம் சரி தம்பி, நம்ம ஏரி மதகு உடைஞ்சு கெடக்குதே, அதை எழுதச் சொன்னியா?” என்றார். சொல்லவில்லை. கூட்டத்தில் நடந்ததை எழுதி வைக்கும் மினிட் புத்தகத்தில் அன்று நான் பேசியதற்கு ஒரு வரிகூட இல்லை, எழுதுகிறவர்தான் என்ன செய்வார், நான் சொன்னதில் தீர்மானமாக எழுத ஒன்றும் இல்லையே.

அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கு என்று 29 பொருள்கள் இருக்கின்றன. அதில் ‘காலநிலை’ என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது. ஆனால் விவசாயம், சிறுபாசனம், நீர் மேலாண்மை, சமூகக் காடுகள், எரிபொருள், தீவனம், மரபுசாரா எரிசக்தி எல்லாம் இருக்கிறது. ஆக, நாம் பேச வேண்டியதும் அந்த மொழியில்தான். ‘புவி வெப்பமடைகிறது, நடவடிக்கை எடுக்கவும்’ என்பதை எந்த அலுவலகமும் கோப்பாக்காது. ‘இந்தப் புல எண்ணில் உள்ள ஏரியின் வரத்துக் கால்வாய் இந்த இடத்தில் தூர்ந்திருக்கிறது, ஏரி நிரம்பிக் கோடி வழிந்து இத்தனை வருடம் ஆகிறது, கால்வாயைத் தூர்வாரி மதகைச் சரிசெய்ய வேண்டும்’ என்றால் அது கோப்பு.

அந்தப் பெரியவரிடம் இன்னொன்றும் இருந்தது. தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளை அவர் எறிய மாட்டார். மாமரம் முதல் பூ விட்ட நாள், நல்ல மழை பெய்த நாள், கிணறு வற்றிய நாள் என்று தாளின் பின்பக்கம் ஒரு வரி கிறுக்கி, பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். பெங்களூரா மாமரங்கள் எந்த வருடம் எத்தனை நாள் பிந்திப் பூத்தன என்பதற்கு எங்கள் ஊரில் இருக்கிற ஒரே பதிவு அந்த டப்பாதான். அதை ஒரு பக்கத்தில் பட்டியலாக்கி மனுவோடு இணைத்தபோதுதான் எதிரே இருந்த அதிகாரி முதன்முறையாகப் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் படித்தார். நிபுணர்களிடம் இல்லாத எதுவும் நம்மிடம் இல்லை என்று நினைப்பதும் ஒரு தவறுதான்.

கையெழுத்து விஷயம். கூட்டம் தொடங்கும் முன்பே நோட்டு சுற்றி வரும், வந்ததற்கு அடையாளமாக எல்லாரும் போடுவோம். கிராம சபைக்குக் குறைந்தபட்ச வருகை கணக்கு உண்டு, மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 10,000-க்கு மேல் என்றால் 300 பேர். அதற்குக் கையெழுத்து தேவைதான், போடுங்கள். ஆனால் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டால், அந்தக் கையெழுத்துக்கு மேலே பிறகு என்ன எழுதப்படுகிறதோ அதற்கெல்லாம் நீங்களும் சாட்சி. தீர்மானத்தை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், நகல் கேளுங்கள். தராவிட்டால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். வருடத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், ஏரி பேச அதைவிடப் பொருத்தமான நாள் எது?

மரம் நடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. நடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் குழி தோண்டிப் போட்டோ எடுத்ததையே ‘மக்கள் பங்கேற்பு’ என்று கணக்கு எழுதிவிட்டால், எந்த மரம், எந்த இடம், யார் தண்ணீர் ஊற்றுவது என்ற முடிவில் நமக்கு இடமே இல்லாமல் போகிறது.

அப்புறம், பேசுகிற ஆட்கள். எங்கள் கூட்டங்களில் என் மாதிரி ஆண்கள்தான் மைக்கைப் பிடிப்போம். ஒகேனக்கல் குடிநீர் எந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, வராத நாளில் எந்த போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்பது குடத்தோடு நிற்கிற அக்காக்களுக்குத்தான் தெரியும். அவர்கள் பின்னால், சுவரோரம். அஞ்செட்டி, சித்தேரி மாதிரி மலைக் கிராமங்களிலிருந்து கூட்டத்துக்கு வர அரை நாள் கூலி போகும். கூட்ட நேரத்தை முடிவு செய்யும்போதே இதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும், வந்த பிறகு ‘நீங்களும் பேசுங்கம்மா’ என்பதில் ஒன்றும் இல்லை.

வரைவு நிலையில் தூங்கிவிட்டுச் சட்டமான பிறகு கொடி பிடிப்பது எல்லா ஊருக்கும் பொதுவான நோய். 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு, அதாவது திட்டங்களுக்கு அனுமதி தரும் முன் சுற்றுச்சூழல் பாதிப்பைக் கணக்கிடும் விதிகளின் வரைவு வந்தபோது, அதை மாநில மொழிகளில் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. கருத்துச் சொல்லக் கடைசி நாள் ஆகஸ்ட் 11 என்று தள்ளிப்போனது, லட்சக்கணக்கில் ஆட்சேபங்கள் குவிந்தன. தமிழில் கொடு என்று கேட்பதும் பங்கேற்புதான்.

கடைசியாக, ஏரிக்கும் மரத்துக்கும் மட்டும் போய்விட்டு, அவற்றைக் காலி செய்கிற அனுமதி எந்த அறையில் வழங்கப்படுகிறது என்று பார்க்காமல் விடுவது. கிருஷ்ணகிரிப் பக்கம் கல் குவாரிகளுக்குப் பொது விசாரணை, அதாவது அனுமதிக்கு முன் மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டம், அடிக்கடி நடக்கும். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 30 நாள் முன்பே பத்திரிகையில் அறிவிப்பு வர வேண்டும், மதிப்பீட்டு அறிக்கையும் அதன் தமிழ்ச் சுருக்கமும் ஆட்சியர் அலுவலகத்தில் பார்க்கக் கிடைக்க வேண்டும். அங்கே வாக்கெடுப்பு கிடையாது. அதனால் ‘ஆதரிக்கிறேன்’, ‘எதிர்க்கிறேன்’ என்று கத்துவதால் பலன் குறைவு, நிறுவனம் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வியாகக் கேட்டு, அதையே எழுத்திலும் கொடுப்பதுதான் பலம். எல்லாம் முடிந்த பிறகு, பேசியவற்றின் சுருக்கத்தை அங்கேயே தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பதும் விதி. ஒரு விசாரணையில் வெடி வைப்பதால் எங்கள் சொந்தக்காரர் ஊரில் கிணறுகளில் தண்ணீர் இறங்கியதைப் பற்றி நான் ஐந்து நிமிடம் பேசினேன், தேதியோடு, அடிக்கணக்கோடு. எழுதிக் கொடுக்கவில்லை. பேசி முடித்ததும் பந்தலுக்குப் பின்னால் சாப்பாட்டுப் பொட்டலம் வந்துவிட்டது, முக்கால்வாசிப் பேர் எழுந்துவிட்டோம். சுருக்கத்தைக் காலி நாற்காலிகளுக்கு வாசித்தார்கள். பிறகு நகல் வாங்கிப் பார்த்தபோது என் ஐந்து நிமிடமும் இப்படி இருந்தது: ‘நிலத்தடி நீர் குறித்து ஒருவர் கருத்து தெரிவித்தார்.’ எதிரே, நிறுவனத்தின் பதில் என்ற கட்டத்தில்: ‘விதிகளின்படி நடவடிக்கை எடுக்கப்படும்.’