வாட்டர் வாஷ் உள்ள ஒர்க்‌ஷாப்: மாசுக் கட்டுப்பாட்டு விதிகளில் சறுக்கும் இடங்கள்

தொழில் உரிமம், ஜிஎஸ்டி, சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு மூன்றும் கையில் இருந்தால் ஒர்க்‌ஷாப் திறந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை (கன்சென்ட் என்னும் அனுமதி) இவை எதிலும் அடங்காது. வாகனப் பழுது, சர்வீஸ், பெயின்டிங் தொழிலை மத்திய வாரியம் 2016-ல் ஆரஞ்சுப் பிரிவில், அதாவது நடுத்தர மாசுத் தொழில்களில், வைத்தது. ஷெட் போடுமுன் நிறுவுவதற்கான இசைவாணை, வேலையைத் தொடங்குமுன் இயக்குவதற்கான இசைவாணை. கட்டி முடித்துவிட்டு விண்ணப்பிப்பவருக்கு அந்த இடமே பொருந்தாது என்று பதில் வந்தால் போட்ட பணம் போனதுதான். ஆணை கிடைத்ததும் பீரோவில் வைத்துப் பூட்டுவது அடுத்த தவறு. ஒரு நாளைக்கு எத்தனை கிலோலிட்டர் கழிவுநீர் என்று அதில் எழுதியிருக்கும். வண்டியை ஏற்றிக் கழுவும் ரேம்ப் இரண்டாவதாக ஒன்று போட்டால் அந்த அளவு தாண்டும். விரிவாக்கத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

அதிகம் கோளாறு ஆவது, கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் மூன்று அறை ஆயில் டிராப் தொட்டி. தண்ணீர் அசையாமல் நின்றால்தான் எண்ணெய் மேலே மிதக்கும். என்ஜினில் டீகிரீசரும் (கிரீஸ் நீக்கும் திரவம்) ஷாம்பூவும் தாராளமாக ஊற்றினால் எண்ணெய் நுண்துளிகளாக உடைந்து, மூன்று அறைகளையும் தாண்டி வெளியே போய்விடும். கூரை மழைநீரை அதே வாய்க்காலில் விட்டால் ஒரே மழையில் தேங்கிய எண்ணெய் முழுவதும் அடித்துக்கொண்டு போகும். அடியில் சேறு ஏற ஏறத் தொட்டியின் கொள்ளளவு குறைகிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, குச்சி விட்டு ஆழம் பார்க்க வேண்டும். நீர்நிலையில் விடும் நீரில் எண்ணெயும் கிரீஸும் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். நல்ல தண்ணீரைக் கலந்து அந்த அளவைக் குறைத்துக் காட்டுவது சுத்திகரிப்பு ஆகாது.

பழைய என்ஜின் ஆயிலைப் பழைய இரும்புக்காரரிடம் விற்பது வழக்கமாகிவிட்டது. 2016 அபாயகரக் கழிவு விதிகளின்படி அதை அங்கீகாரம் பெற்றவரிடம் மட்டுமே, கழிவு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று காட்டும் படிவம் 10 எழுதித் தர வேண்டும்; சாதாரணமாக 90 நாளுக்கு மேல் இருப்பு வைக்கக் கூடாது. கூரையுள்ள சிமென்ட் தரையில், பேரலில் லேபிள் ஒட்டி வையுங்கள். படிவம் 3-ல் வரவு, செலவு எழுதுங்கள். ஆண்டறிக்கை படிவம் 4-ஐ ஜூன் 30-க்குள் அனுப்புங்கள். எண்ணெய் தோய்ந்த வேஸ்ட் துணியைக் குப்பையில் போடுவதும், மாலையில் பின்புறம் கொளுத்துவதும் தவறு. அதுவும் அபாயகரக் கழிவுதான்.

ஜெனரேட்டர் புகைக்குழாயை ஷெட் உயரத்தோடு நிறுத்துகிறார்கள். ஜெனரேட்டர் திறனைக் காட்டும் கேவிஏ அளவின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கி, வருவதைக் கட்டட உயரத்தோடு கூட்ட வேண்டும். 100 கேவிஏ, 9 மீட்டர் கட்டடம் என்றால் 11 மீட்டர்.

வாடிக்கையாளர் காத்திருக்கும் இடத்தையும் பாருங்கள். அங்கே பொருள் போட்டுத் தரும் பிளாஸ்டிக் கவரின் தடிமன் 120 மைக்ரான் இருந்தால் போதும் என்பது மத்திய விதி. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் எந்தத் தடிமனிலும் பிளாஸ்டிக் கவர் கூடாது. டீ கொடுக்கும் பேப்பர் கப்புக்குள் பிளாஸ்டிக் பூச்சு இருந்தால் அதுவும் தடைப் பட்டியலில் உண்டு. துணிபோலத் தெரியும் நெய்யாத (நான்-ஓவன்) பையும் அதில் உண்டு. டீக்குச் சில்வர் டம்ளர் வைத்துக்கொள்வதே செலவும் குறைவு.