ஓர் இங்கிலாந்து மாவட்டத்தின் மிதிவண்டிக் கழக வரலாற்றை எழுதுவது எப்படி

இங்கிலாந்தின் சிறு நகரம் ஒன்றில் இயங்கிய மிதிவண்டிக் கழகத்தின் வரலாற்றை எழுத முனைபவர், அந்தக் கழகத்தின் சட்டையிலும் சின்னத்திலும் பொறித்திருக்கும் தொடக்க ஆண்டை முதலில் நம்பக் கூடாது. இரண்டு மூன்று முறை கலைந்து மீண்டும் கூடிய கழகங்கள் உண்டு. போர்க்காலத்தில் ஆளில்லாமல் நின்றுபோனவையும், இன்னொரு கழகத்தோடு இணைந்து அதன் வயதையும் தமதாக்கிக்கொண்டவையும் உண்டு. என் முதல் முயற்சியில், ஒரு கழகத்தின் பொன்விழா மலரில் இருந்த ஆண்டை அப்படியே எடுத்து எழுதிவிட்டேன். பிறகு உள்ளூர் வார இதழின் பழைய பக்கம் ஒன்றில், அதே பெயருடைய கழகம் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஞாயிற்றுக்கிழமைப் பயணம் போனதாகப் படித்தபோது, எழுதிய அத்தியாயம் முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று. அன்று முதல் ஒரு விதியைக் கடைப்பிடிக்கிறேன்: நினைவிலிருந்து சொல்லப்பட்டதை, அந்நாளிலேயே எழுதப்பட்ட தாள் ஒன்றோடு ஒப்பிட்ட பின்னரே எழுதுவது.

எல்லையை வரையறுத்தல்

ஆவணக்காப்பகத்துக்குப் போவதற்கு முன்பு, நீங்கள் எழுதும் மாவட்டம் எது என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தின் உள்ளாட்சி எல்லைகள் 1974ஆம் ஆண்டு பெருமளவு மாற்றப்பட்டன. எடுத்துக்காட்டாக, லங்காஷயரின் பென்டில் மாவட்டம் அந்த ஆண்டில்தான் உருவாயிற்று. நெல்சன், கோல்ன் ஆகிய நெசவாலை நகரங்களோடு, அதுவரை யார்க்‌ஷயரின் வெஸ்ட் ரைடிங் பகுதியில் இருந்த பார்னோல்ட்ஸ்விக், எர்பி ஆகிய ஊர்களும் அதில் சேர்க்கப்பட்டன. ஆகவே நெல்சன் கழகம் ஒன்றைத் தேடுபவர் பிரெஸ்டனில் உள்ள லங்காஷயர் ஆவணக்காப்பகத்துக்குச் செல்வார். பார்னோல்ட்ஸ்விக் கழகத்தைத் தேடுபவரோ பழைய வெஸ்ட் ரைடிங் ஆவணங்கள் உள்ள வேக்ஃபீல்டையும் பார்க்க வேண்டும். ஸ்கிப்டனில் 1853இல் தொடங்கிய கிரேவன் ஹெரால்டு இதழையும் புரட்ட வேண்டும். சைக்கிள் ஓட்டியவர்கள் மாவட்ட எல்லையைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற தாள்கள் அந்த எல்லைப்படிதான் அடுக்கப்பட்டிருக்கின்றன. எந்தக் காப்பகத்தில் எது இருக்கிறது என்பதை, தேசிய ஆவணக்காப்பகத்தின் டிஸ்கவரி என்னும் இணைய அட்டவணையில் வீட்டிலிருந்தே தேடிப் பார்க்கலாம். தேசிய அளவிலான மிதிவண்டி அமைப்புகளின் ஆவணங்கள் வார்விக் பல்கலைக்கழகத்தின் நவீன ஆவண மையத்தில் உள்ளன.

பெயரே முதல் சான்று

கழகத்தின் பெயர் அதன் காலத்தை ஓரளவு காட்டிக்கொடுக்கும். பெயரில் 'பைசைக்கிள் கிளப்' என்று இருந்தால், பெரும்பாலும் முன்சக்கரம் ஆளுயரம் நிற்கும் பென்னி ஃபார்திங் வண்டிகள் ஓடிய 1870களையும் 1880களையும் சேர்ந்தது என்று கருதலாம். ஹாக்னியில் 1870இல் தொடங்கிய பிக்விக் பைசைக்கிள் கிளப்பும், லிவர்பூலில் 1879இல் தொடங்கிய ஆன்ஃபீல்டு பைசைக்கிள் கிளப்பும் இவ்வகையைச் சேர்ந்தவை. 1885இல் கவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, உயரம் குறைந்த ரோவர் சேஃப்டி சைக்கிளை வெளியிட்டார். 1888இல் ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் சைக்கிள் எளியவர் கைக்கும் படிப்படியாக எட்டியது. 'சைக்கிளிங் கிளப்', 'வீலர்ஸ்', 'ரோடு கிளப்' என்னும் பெயர்கள் பெருகின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 'வேலோ' (மிதிவண்டி) போன்ற பிரெஞ்சுச் சொல் பெயரில் இருந்தால், ஐரோப்பியக் கண்டத்தின் சாலைப் பந்தயத்தை விரும்பியவர்கள் தொடங்கிய கழகமா என்று பார்க்க வேண்டும்.

'கிளேரியன்' என்ற சொல் இருந்தால் அது அரசியலையும் சொல்கிறது. ராபர்ட் பிளாட்ச்ஃபோர்டின் சோஷலிச வார இதழான கிளேரியனின் பெயரால் 1894இல் பர்மிங்காமில் சில இளைஞர்கள் முதல் கிளேரியன் மிதிவண்டிக் கழகத்தைத் தொடங்கினர். ஊர் ஊராகச் சென்று இதழையும் துண்டறிக்கைகளையும் பரப்புவது அவர்களுக்குச் சவாரியின் ஒரு பகுதி. நெல்சனில் சுதந்திரத் தொழிலாளர் கட்சியினர் 1912இல் கட்டிய கிளேரியன் இல்லம், ரஃப்லீக்கும் நியூசர்ச்சுக்கும் இடைப்பட்ட சாலையில் இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் தேநீர் தருகிறது. இத்தகைய கழகத்தின் வரலாற்றைத் தேடுபவர் விளையாட்டுப் பக்கத்தோடு நின்றுவிடாமல், உள்ளூர்க் கட்சிக் கிளைகளின் ஏடுகளையும் பார்க்க வேண்டும்.

செய்தித்தாள்

உள்ளூர் வார இதழ்தான் இந்த வேலையின் முதுகெலும்பு. கழகச் செயலாளரே எழுதி அனுப்பிய ஓட்டச் செய்திகள், வரப்போகும் பயணங்களின் அறிவிப்புகள், ஆண்டு விருந்தில் யார் என்ன பாடினார் என்பது வரை அதில் வந்திருக்கும். பிரிட்டிஷ் செய்தித்தாள் காப்பகத்தின் இணையதளத்தில் ஏராளமான இதழ்களைத் தேடலாம். பல பொது நூலகங்களின் கணினிகளில் அதைக் கட்டணமின்றிப் பயன்படுத்தவும் முடியும். ஆனால் அந்தத் தேடல், அச்சைக் கணினி படித்துப் பெற்ற எழுத்தை நம்பியே நடக்கிறது. மை பரவிய பக்கத்தில் 'வீலர்ஸ்' என்ற சொல் உருத்தெரியாமல் போயிருக்கும். எனவே கழகத்தின் முழுப் பெயரை மட்டும் தேடினால் பாதிக்கு மேல் தப்பிவிடும். தலைவர், செயலாளர் ஆகியோரின் குடும்பப் பெயர், வழக்கமாகத் தேநீர் அருந்திய விடுதியின் பெயர், 'பி.சி.' (பைசைக்கிள் கிளப்), 'சி.சி.' (சைக்கிளிங் கிளப்) போன்ற சுருக்கங்கள் ஆகியவற்றைத் தனித்தனியே தேடிப் பாருங்கள். இணையத்தில் இல்லாத இதழ்கள் உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் நுண்படச் சுருள்களாக இருக்கும். அவற்றை முழுவதும் பார்க்க நேரம் இல்லையென்றால், ஒவ்வோர் ஆண்டும் பருவம் தொடங்கும் மார்ச், ஏப்ரல் மாத இதழ்களையும், ஆண்டுப் பொதுக்கூட்டமும் விருந்தும் நடக்கும் குளிர்கால மாத இதழ்களையும் மட்டுமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கழகத்தின் சொந்த ஏடுகள்

நடவடிக்கைக் குறிப்பேடு கிடைத்துவிட்டால் அது பெரும் பேறு. பல ஏடுகள் முன்னாள் செயலாளர்களின் வீட்டுப் பரணில்தான் இருக்கின்றன. எனினும் கணக்கேட்டைக் குறிப்பேட்டுக்கு மேலாக நான் மதிக்கிறேன். குறிப்பேட்டில் செயலாளர் எழுத விரும்பியது இருக்கும். கணக்கேட்டில் உண்மையில் நடந்தது இருக்கும். சந்தா கட்டியவர் எண்ணிக்கை ஓராண்டில் பாதியாகக் குறைந்தால், கூட்டக் குறிப்பில் அதைப் பற்றி ஒரு வரி இல்லாவிட்டாலும், ஏதோ பிளவு நேர்ந்திருக்கிறது என்று அறியலாம். பக்கத்தின் வலப்புறம் மூன்று சிறு பத்திகள் இருக்கும்: பவுண்டு, ஷில்லிங், பென்னி. 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. 1971 பிப்ரவரி 15 வரை இந்தக் கணக்குத்தான் நடப்பில் இருந்தது. '10/6' என்று எழுதியிருந்தால் அது பத்து ஷில்லிங் ஆறு பென்னி, அதாவது அரை கினி (ஒரு கினி 21 ஷில்லிங்). அன்றைய தொகையை இன்றைய தொகையாக மாற்றிச் சொல்வதைக் காட்டிலும், அதே ஆண்டில் அதே ஊரில் ஒரு நெசவாளியின் வாரக் கூலி என்ன என்று பார்த்து அதோடு ஒப்பிடுவது வாசகருக்கு நன்றாக விளங்கும்.

பொருள்களைப் படித்தல்

குடும்பங்கள் காட்டும் பதக்கங்களில் ஆண்டு பொறிக்காமல் இருப்பது வழக்கம். அதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம். பதக்கத்தைப் புரட்டி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடியால் பாருங்கள். வரிசையாக நான்கு சிறு முத்திரைகள் தெரியலாம்: செய்தவரின் எழுத்துக்கள், நடந்துபோகும் சிங்கம், ஒரு நங்கூரம், ஒற்றை எழுத்து. சிங்கம் ஸ்டெர்லிங் வெள்ளி என்பதையும், நங்கூரம் பர்மிங்காம் சோதனைச்சாலையில் முத்திரையிடப்பட்டது என்பதையும் குறிக்கும். அந்த ஒற்றை எழுத்து ஆண்டுக்கு ஆண்டு மாறியது. அதன் வடிவத்தையும் அதைச் சூழ்ந்த கட்டத்தின் வடிவத்தையும் சோதனைச்சாலையின் அட்டவணையோடு ஒப்பிட்டால் முத்திரையிட்ட ஆண்டு கிடைத்துவிடும். அது பந்தயம் நடந்த ஆண்டே என்று சொல்ல முடியாது, ஏனெனில் கழகங்கள் பதக்கங்களை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்வதும் உண்டு. எனினும் அதற்கு முன்பு நடந்திருக்காது என்பது உறுதி.

ஒளிப்படத்திலும் இப்படியே முன்னெல்லையைத்தான் காண முடியும். காற்றடைத்த டயர் தெரிந்தால் படம் 1888க்குப் பிந்தையது. பென்னி ஃபார்திங் தெரிந்தால் அது 1880களின் படம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பழைய வண்டியை விழா ஊர்வலத்துக்காக எடுத்து வந்தவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். கையில் ஊதுகொம்போடு ஒருவர் நின்றால் அவர் கழகத்தின் கொம்பூதி; தொடக்ககாலக் கழகங்கள் படைவரிசை போலக் கேப்டனின் கட்டளைப்படி ஓடின. பழைய விடுதிகளின் சுவரில் சிறகு முளைத்த சக்கரத்தின் வார்ப்புச் சின்னம் இருந்தால், அது 1878இல் ஹாரோகேட்டில் தொடங்கி 1883 முதல் சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப் எனப்பட்ட அமைப்பு பரிந்துரைத்த இடம். அந்த விடுதிகளை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகத் தரும் ஆர்டனன்ஸ் சர்வே என்னும் அரசு நில அளவைத் துறையின் பழைய வரைபடங்களில் குறித்துக்கொண்டே போனால், ஞாயிற்றுக்கிழமைப் பயணங்களின் வழி கண்முன் விரியும்.

யார் ஓட்டினார்கள்

இந்தக் கேள்விதான் என்னை இந்த வேலையில் கட்டிப்போட்டிருக்கிறது. கழகம் எந்த நாளில் சவாரி போயிற்று என்று முதலில் பாருங்கள். நெசவாலைகளில் 1850ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்களுக்கும் இளையோருக்கும் சனிக்கிழமை வேலை பிற்பகல் இரண்டு மணிக்கு முடிந்தது. ஆலையே அதோடு நின்றதால் ஆண்களுக்கும் அந்த அரைநாள் வாய்த்தது. கடை ஊழியர்களோ சனிக்கிழமை இரவு வரை கடையில் நின்றார்கள். அவர்களுக்கு வார நடுவில் அரைநாள் விடுப்பை 1911ஆம் ஆண்டுக் கடைகள் சட்டம்தான் கட்டாயமாக்கியது. எனவே ஒரு கழகம் புதன் அல்லது வியாழன் பிற்பகலில் ஓடியது என்றால், துணிக்கடை, மளிகைக்கடை ஊழியர்களே அதன் உறுப்பினர்கள் என்று ஊகித்து, பெயர்ப் பட்டியலை மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு ஒப்பிட்டு உறுதிசெய்யலாம். 1911, 1921 கணக்கெடுப்புகளில் தொழிலும் வயதும் முகவரியும் உள்ளன. 1931ஆம் ஆண்டின் ஏடுகள் 1942இல் தீயில் அழிந்துவிட்டன. அந்த இடைவெளியை 1939 செப்டம்பர் 29 அன்று எடுக்கப்பட்ட மக்கள் பதிவேடு ஓரளவு நிரப்புகிறது.

பெண்களைத் தேடுவது கடினம். திருமணத்துக்குப் பின் அவர்கள் கணவரின் பெயரெழுத்துக்களோடுதான் குறிக்கப்பட்டார்கள். பல குறிப்பேடுகளில் தேநீர் ஏற்பாட்டுக்கு நன்றி சொல்லும் தீர்மானத்தில் மட்டுமே தலைகாட்டுவார்கள். ஆகவே திருமணப் பதிவுகளைக் கொண்டு இரண்டு பெயர்களையும் இணைத்து ஓர் அட்டையில் எழுதிவையுங்கள். போட்டி முடிவுத்தாள்களையும் விடாதீர்கள். லீட்ஸை அடுத்த மார்லியைச் சேர்ந்த பெரில் பர்ட்டன், 1967இல் ஓட்லி கழகம் நடத்திய பன்னிரண்டு மணிநேரப் போட்டியில் 277.25 மைல் ஓட்டி, ஆண்களின் சாதனையையும் விஞ்சினார். ஓர் உள்ளூர்க் கழகத்தின் போட்டியில் நிகழ்ந்தது அது.

பந்தயங்களின் மறைவு

1890களில் தேசிய அமைப்பான நேஷனல் சைக்கிளிஸ்ட்ஸ் யூனியன், காவல்துறையோடு மோதல் வரும் என்று அஞ்சிப் பொதுச்சாலையில் கூட்டமாகப் பந்தயம் ஓடுவதைக் கைவிட்டது. அதற்கு மாற்றாக, ஒருவர் பின் ஒருவராகப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டியிடும் டைம் டிரயல் முறை தோன்றியது. எஃப். டி. பிட்லேக் 1895 அக்டோபரில் நார்த் ரோடு கழகத்துக்காக நடத்திய போட்டியை அதன் தொடக்கமாகக் கொள்வர். போட்டிகள் விடியற்காலையில் நடந்தன; ஓட்டுநர்கள் கறுப்பு உடை அணிந்தார்கள்; பாதை குறியீட்டெண்ணால் மட்டுமே சொல்லப்பட்டது. ஆகையால் அந்நாளைய செய்தித்தாளில் போட்டி நடந்த இடத்தைத் தேடிக் காணாதவர்கள் திகைக்க வேண்டாம். குறியீட்டின் முதலெழுத்து வட்டாரத்தைக் குறிக்கும்; 'வி' என்பது யார்க்‌ஷயர், 'எல்' என்பது வட லங்காஷயர் வட்டாரம்.

1942 ஜூன் 7 அன்று பந்தய ஓட்டுநர் பெர்சி ஸ்டாலர்டு, யூனியனின் முடிவை மீறி லங்காலனிலிருந்து உல்வர்ஹாம்ப்டன் வரை கூட்டுச் சாலைப் பந்தயம் நடத்தியதும் பெரும் பிளவு ஏற்பட்டது. அதே ஆண்டில் பிரிட்டிஷ் லீக் ஆஃப் ரேசிங் சைக்கிளிஸ்ட்ஸ் உருவாயிற்று. 1959இல் யூனியனும் இந்த லீக்கும் இணைந்து பிரிட்டிஷ் சைக்கிளிங் ஃபெடரேஷன் ஆகும் வரை பல ஊர்களில் ஒரே தெருவில் இருந்தவர்கள் எதிரெதிர் அணிகளில் நின்றார்கள். மூத்த உறுப்பினர்களை நேர்காணும்போது இதைப் பற்றி முதல் சந்திப்பிலேயே கேட்காதீர்கள். அவர்களிடம் ஒரு பழைய படத்தையோ பாதை வரைபடத்தையோ கொடுத்துப் பேசவிடுங்கள். பெயர்கள் தாமாக வரும். பதிவைப் பயன்படுத்தும் ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்த பின்

உயிரோடிருப்பவர்களைப் பற்றிய குறிப்புகளுக்குத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். சந்தா பாக்கிக்காக ஒருவர் நீக்கப்பட்ட செய்தி ஏட்டில் இருக்கிறது என்பதற்காக அவர் பெயரை அச்சிட்டாக வேண்டும் என்பதில்லை. பதிப்புரிமையில் ஒரு பொறி உண்டு: எழுதியவர் 1969க்கு முன் இறந்திருந்தாலும், 1989 ஆகஸ்டுக்கு முன் வெளியிடப்படாத கடிதம், குறிப்பு போன்றவற்றின் உரிமை பெரும்பாலும் 2039 இறுதி வரை நீடிக்கிறது. ஆகவே முழுமையாக மேற்கோள் காட்டும் முன் வாரிசுகளிடம் கேளுங்கள். நூலாக அச்சிட்டால் ஒரு மாதத்துக்குள் ஒரு படியைப் பிரிட்டிஷ் நூலகத்துக்கு அனுப்புவது சட்டப்படி கட்டாயம்; இன்னொரு படியை ஊரின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவுக்குக் கொடுங்கள். பரணிலிருந்து கிடைத்த ஏடுகளை மாவட்ட ஆவணக்காப்பகத்தில் வைக்கும்போது, அது நன்கொடையா, உரிமையைக் கழகமே வைத்துக்கொள்ளும் ஒப்படைப்பா என்பதைக் கழகத்தின் பொதுக்கூட்டத்தில் முடிவுசெய்து, அந்தத் தீர்மானத்தையும் குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள்.